எண்ணிப் பார்த்த எழுத்தாளர் – டேனியல் டீஃபோ

(நம் சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏதாவது ஓர் எழுத்தாளரைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். கம்பனைப் பற்றியும் பாரதியைப் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த ஹாலிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் படித்தது பௌதிகம். அதன் பிறகு 36 வருஷம் மத்திய சர்க்காரில் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். அதனால் என் மாதிரி ஆசாமிக்கு ஒத்துவரக்கூடிய ஓர் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் டேனியல் டீஃபோ.

பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் 'ராபின்சன் குரூசோ' ஞாபகம் வரும். நம்மில் பலர் அதைப் பள்ளிக்கூடத்தில் சுருக்கிய பதிப்பாகப் படித்திருப்போம். தீவு, ஆட்டுத்தோல் குடை, கிளி, மணலில் ஒற்றைக் காலடித் தடம், ஃப்ரைடே. அதோடு டீஃபோவை மூடி வைத்துவிட்டோம். ஆனால் அந்தக் கதை 1719ல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய அறுபது. அதற்கு முன்னால் அவர் வியாபாரி, திவாலானவர், செங்கல் சூளை முதலாளி, கைதி, பத்திரிகை ஆசிரியர், அரசாங்க ஒற்றர். எழுதியதும் அப்படித்தான். அரசியல் துண்டுப் பிரசுரம், செய்யுள், சரித்திரம், பயண நூல், வியாபாரக் கையேடு, குடும்ப ஒழுக்க நூல், சாத்தானின் சரித்திரம், பிறகு நாவல்கள். ஒரு காலத்தில் 500க்கும் மேற்பட்ட நூல்களையும் பிரசுரங்களையும் அவர் பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். ஃபர்பாங்க், ஓவன்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1980களிலும் 90களிலும் ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, அதில் ஏறக்குறைய பாதிக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று தள்ளினார்கள். மீதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு மனிதனின் கைக்கு அது மலைப்பான வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இவர் காசுக்கு எழுதியவர். இன்று ஒரு கட்சிக்கு, நாளை எதிர்க்கட்சிக்கு என்று எழுதியவர். பல சமயம் தன் பெயரை மறைத்து எழுதியவர். இப்படிப்பட்டவருடைய எழுத்தை நம்பலாமா? எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையையும் நூல்களையும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

டீஃபோ 1660ஐ ஒட்டி லண்டனில் பிறந்தவர். தகப்பனார் ஜேம்ஸ் ஃபோ, கொழுப்பிலிருந்து மெழுகுவத்தி செய்யும் வியாபாரி. வெறும் 'ஃபோ'வை 'டீஃபோ' ஆக்கிக்கொண்டது நம் ஆள்தான், முப்பது வயதுக்கு மேல். குழந்தையாக இருந்தபோது 1665ல் பிளேக், 1666ல் பெரும் தீ என்று இரண்டு பேராபத்துகளை அந்த நகரம் கண்டது. குடும்பம் இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்காத பிரிவைச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் வாங்க வழியில்லை. அதனால் நியூவிங்டன் கிரீன் என்ற இடத்தில் சார்லஸ் மார்ட்டன் நடத்திய பள்ளியில் படித்தார். அது அவருக்கு நல்லதாகவே போயிற்று. மார்ட்டன் லத்தீனில் அல்லாமல் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தியவர், இயற்கை விஞ்ஞானத்தில் ஈடுபாடு உள்ளவர். பின்னாளில் அமெரிக்கா போனார். அவர் எழுதிய விஞ்ஞானப் பாட நூலை ஹார்வர்டில் பல வருஷம் வைத்திருந்தார்கள். பார்த்ததை அளந்து, எளிய பாஷையில் சொல்லும் பழக்கம் டீஃபோவுக்கு இங்கே வந்திருக்க வேண்டும்.

1684ல் கல்யாணம். மனைவி மேரி டஃப்லி கொண்டுவந்த சீர்ப்பணம் 3,700 பவுன். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. காலுறை, ஒயின், புகையிலை என்று எதையும் விட்டுவைக்காமல் வியாபாரம் செய்தார். வாசனைத் திரவியத்துக்காக சுமார் 70 புனுகுப் பூனைகளைக்கூட வாங்கினார். பிரான்ஸோடு யுத்தம் நடந்த சமயத்தில் கப்பல் இன்ஷூரன்ஸில் கை வைத்தார். 1692ல் 17,000 பவுன் கடனோடு மஞ்சள் கடுதாசி கொடுத்தார். கடன்காரர்களின் நிழல் அதற்குப் பிறகு சாகும்வரை அவரை விடவில்லை.

இப்படி விழுந்த மனிதர் 1697ல் ஒரு புத்தகம் எழுதினார். 'திட்டங்கள் பற்றிய கட்டுரை' என்று தமிழில் சொல்லலாம். நாட்டுக்கு நல்ல சாலைகள் வேண்டும், வங்கிகள் வேண்டும், நேர்மையாகத் தோற்ற வியாபாரியைச் சிறையில் போட்டு அழுகவிடாத திவால் சட்டம் வேண்டும், பெண்களுக்கு உயர்கல்வி நிலையம் வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த இடம், உழைக்கிறவர்கள் சிறு தொகை கட்டி, முதுமையிலும் நோயிலும் உதவி பெறுவதற்கான ஏற்பாடு. எத்தனை பேர் சேர வேண்டும், ஆளுக்கு எவ்வளவு, எந்த நிலைமைக்கு எவ்வளவு திரும்பக் கொடுப்பது என்று கணக்கோடு எழுதியிருக்கிறார். முதல் தேதி ஆனதும் பாங்க் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நம்மைப் போன்றவர்கள் இந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

1701ல் 'அசல் ஆங்கிலேயன்' என்ற அங்கதச் செய்யுள் வந்தது. அப்போது அரசராக இருந்த மூன்றாம் வில்லியம் ஹாலந்துக்காரர். அந்நியன், அந்நியன் என்று அவரைப் பலர் ஏசினார்கள். 'ரோமானியர், டேனியர், நார்மானியர் என்று வந்தவர் போனவர் எல்லோரும் கலந்து பிறந்த ஜாதிதானே நாம், இதில் அசல் எங்கே இருக்கிறது?' என்ற பொருளில் டீஃபோ தன் ஜனங்களையே கேலி செய்தார். ஜனங்கள் அதைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

கேலி எப்போதும் இப்படிக் கைகொடுக்காது. 1702 டிசம்பரில் தன் பிரிவினரை ஒடுக்கத் துடித்த தீவிரவாதிகளைக் கிண்டல் செய்ய, அவர்களில் ஒருவன் எழுதுவது போலவே ஒரு பிரசுரம் எழுதினார். இந்த ஆட்களை நாடு கடத்துவதும் போதகர்களைத் தூக்கில் போடுவதும்தான் சுலபமான வழி என்று அது சொல்லிற்று. குரல் அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் சிலர் அதை நிஜம் என்றே நம்பிப் பாராட்டினார்கள். எழுதியது யார் என்று தெரிந்ததும் பாராட்டியவர்களுக்கு அவமானம், கோபம். அவருடைய சொந்தப் பிரிவினருக்கும் பயம், கோபம். தலைமறைவானவரைப் பிடித்துத் தர 50 பவுன் வெகுமதி அறிவித்தார்கள். பிடிபட்டு, 1703 ஜூலை கடைசியில் மூன்று நாட்கள், கழுத்தையும் கைகளையும் பலகைத் துளைகளில் பூட்டி லண்டன் தெருக்களில் நிறுத்தப்பட்டார். அந்தத் தண்டனையில் ஜனங்கள் கல்லையும் அழுகிய பொருள்களையும் எறிவது வழக்கம். இவர் மேல் பூக்களை எறிந்தார்கள் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. பூவோ கல்லோ, நியூகேட் சிறையில் இருந்த மாதங்களில் டில்பரியில் இருந்த செங்கல் சூளை பாழாயிற்று. வெளியே மனைவியும் பிள்ளைகளும்.

இந்த நேரத்தில்தான் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல் தலைவர் கை கொடுத்தார். 1703 நவம்பரில் டீஃபோவை விடுதலை செய்ய வைத்தார். அதற்கு விலை உண்டு. இனி பேனா ஹார்லியினுடையது. 1704 முதல் 1713 வரை 'ரெவ்யூ' என்ற பத்திரிகையை, பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஏறக்குறையத் தனி ஆளாக டீஃபோ எழுதினார். 1706ல் ஸ்காட்லாந்தை இங்கிலாந்தோடு இணைக்கும் பேச்சு நடந்தபோது ரகசியமாக எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். வியாபாரியிடம் வியாபாரம், வக்கீலிடம் வீடு வாங்கும் பேச்சு, கிளாஸ்கோக்காரரிடம் மீன் வியாபாரம் என்று ஆளுக்கு ஒரு வேஷத்தில் பேசிச் செய்தி திரட்டியதை அவரே ஹார்லிக்கு எழுதியிருக்கிறார். 1707ல் இணைப்பு நடந்தது. 1709ல் அதன் சரித்திரத்தையும் அவரே எழுதினார். பிற்பாடு ஆட்சி மாறியது. புதிய ஆட்சிக்காக, எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்றுக்குள் நுழைந்து அதன் காரத்தைக் குறைக்கும் வேலையைப் பார்த்தார். இந்த விஷயம் 1864ல் அரசாங்க ஆவணங்களுக்குள்ளிருந்து அவருடைய கடிதங்கள் கிடைத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆபீஸில் இருந்தவர்களுக்கு இது முழுக்க அந்நியமான விஷயம் அல்ல. ஒருவர் நோட் எழுதுவார், இன்னொருவர் கையெழுத்துப் போடுவார், மூன்றாமவர் அதைத் தன் அபிப்பிராயமாகப் பேசுவார். ஆனால் நோட் எழுதுகிறவனுக்கு ஒரு தர்மம் உண்டு. முடிவு மேலே இருப்பவருடையதாக இருக்கலாம், கீழே வைக்கும் புள்ளிவிவரம் சரியாக இருக்க வேண்டும். டீஃபோவை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது?

விடுதலையான சில வாரங்களுக்குள், 1703 நவம்பர் 26 இரவு, இங்கிலாந்து அதுவரை கண்டிராத ஒரு புயல் அடித்தது. எடிஸ்டோன் கலங்கரை விளக்கம், அதைக் கட்டிய வின்ஸ்டன்லியோடு சேர்ந்து கடலில் போயிற்று. டீஃபோ செய்த காரியம் அந்தக் காலத்துக்குப் புதிது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, நேரில் கண்டவர்கள் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களைத் தொகுத்து 1704ல் 'புயல்' என்ற நூலாகப் போட்டார். கென்ட் பகுதியில் தானே போய் விழுந்த மரங்களை எண்ணத் தொடங்கி, 17,000 வரை எண்ணிக் களைத்து நிறுத்தியதாக எழுதுகிறார். புயலுக்கு முன் தன் வீட்டு பாரோமீட்டரில் பாதரசம் அதுவரை காணாத அளவுக்கு இறங்கியிருந்ததாம். குழந்தைகள் யாரோ குழாயில் கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். பௌதிகம் படித்தவன் இந்த ஒரு வரிக்காகவே அவரை நம்பத் தொடங்குவான். அளவு விசித்திரமாக இருந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு என்பதுதான் லாபரட்டரியில் நாங்கள் கற்ற முதல் பாடம்.

1724 முதல் மூன்று பாகங்களாக வந்த பிரிட்டன் சுற்றுப்பயண நூலிலும் இதே குணம். சஃபோக், நார்ஃபோக் பகுதிகளிலிருந்து வான்கோழிகளை நடத்தியே லண்டனுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். ஒரு பருவத்தில் ஒரு பாலத்தைக் கடக்கும் மந்தைகள் 300, மந்தைக்குச் சராசரி 500, ஆக 1,50,000 கோழிகள் என்று கணக்குப் போட்டு வைக்கிறார். வான்கோழியைக்கூட விட்டுவைக்கவில்லை!

இப்போது குரூசோவுக்கு வருவோம். தென்பசிபிக்கில் ஒரு தீவில் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக இருந்து 1709ல் மீட்கப்பட்ட அலெக்ஸாண்டர் செல்கர்க்கின் கதை அப்போது பிரபலம். அதை டீஃபோ 28 வருஷமாக்கி, தீவை ஓரினோகோ நதியின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நாலே மாதத்தில் நாலு பதிப்பு. காரணம் சாகசம் மட்டுமல்ல என்பது என் எண்ணம். குரூசோ தீவில் என்ன செய்கிறான்? கம்பத்தில் வெட்டுப் போட்டு நாள் கணக்கு வைக்கிறான். தன் கஷ்டத்தையும் பாக்கியத்தையும் பற்று வரவு மாதிரி இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்கிறான். கோழித்தீனி இருந்த பையை உதறின இடத்தில் பார்லி முளைக்கிறது. கடவுளின் அற்புதம் என்று கண்ணீர் விடுகிறான். அப்புறம் பை உதறியது ஞாபகம் வருகிறது. பானை செய்து செய்து உடைத்து, தீயில் தற்செயலாகச் சுட்ட ஓட்டிலிருந்து சூளை வித்தையைக் கண்டுபிடிக்கிறான். செங்கல் சூளை வைத்திருந்தவர் எழுதியது அல்லவா! உடைந்த கப்பலில் பணத்தைப் பார்த்ததும் 'உன்னால் இங்கே என்ன பிரயோஜனம்?' என்று சிரிக்கிறான். பிறகு யோசித்து அதையும் மூட்டை கட்டி எடுத்துக்கொள்கிறான். திவாலான வியாபாரிதான் இந்த இடத்தை எழுத முடியும்.

1722 ஒரே வருஷத்தில் 'மோல் ஃப்ளாண்டர்ஸ்', 'பிளேக் வருஷத்து நாட்குறிப்பு', 'கர்னல் ஜாக்' என்று மூன்று பெரிய நூல்கள். நியூகேட் சிறையில் பிறந்து, வறுமையால் திருடியாகிப் பிறகு திருந்தும் பெண்ணின் கதை 'மோல் ஃப்ளாண்டர்ஸ்'. 1697ல் பெண் கல்விக்கு வாதாடியவர்தான், படிப்பும் பணமும் இல்லாத பெண்ணுக்கு ஊர் என்ன வழி விட்டு வைத்திருக்கிறது என்று இங்கே காட்டுகிறார்.

2020ல் நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது நான் 'பிளேக் வருஷத்து நாட்குறிப்பு' படித்தேன். 1720ல் பிரான்ஸில் மார்ஸேய் நகரத்தில் பிளேக் வந்து, இங்கிலாந்து பயந்திருந்த சமயத்தில் எழுதிய நூல் அது. 1665ல் லண்டனில் தங்கிவிட்ட ஒரு குதிரைச் சேண வியாபாரி சொல்வது போல அமைந்தது. தொடக்கத்திலேயே அவர் பார்ப்பது வாராந்திர மரணப் பட்டியலைத்தான். பிளேக் சாவு ஒன்றிரண்டு என்றுதான் பட்டியல் சொல்லுகிறது. ஆனால் சில வட்டாரங்களில் வழக்கத்தைவிட மொத்தச் சாவு ஏறிக்கொண்டே போகிறது, ஆகவே எதையோ மறைக்கிறார்கள் என்று அவர் ஊகிக்கிறார். 'வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்கள்' என்று 2020க்குப் பிறகு பேப்பரில் தினம் படித்தோமே, அதே கணக்கு! வீடுகளைப் பூட்டிக் காவல் போடுவது, போலி வைத்தியர்கள், காசைத் தொடாமல் வினிகர் பாத்திரத்தில் போட வைக்கும் இறைச்சிக் கடைக்காரர், ஊரை விட்டு நடந்து போகிறவர்களை உள்ளே விடாத கிராமங்கள், எல்லாம் அதில் இருக்கின்றன. பட்டியல்படி இறந்தவர்கள் சுமார் 68,000. அந்த வியாபாரி ஒரு லட்சத்துக்குக் குறையாது என்கிறார். இது கற்பனை நூல்தான். ஆனாலும் நெடுங்காலம் சரித்திர நூல் என்றே பலர் நம்பினார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வரவு. பற்றையும் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது.

குரூசோவின் கப்பல் உடைந்ததே அடிமைகளைப் பிடித்துவரப் போன பயணத்தில்தான். அதற்கு முன், தன்னோடு தப்பி வந்த ஸூரி என்ற பையனை அவன் அறுபது வெள்ளி நாணயத்துக்கு ஒரு கப்பல் தலைவனிடம் கொடுத்துவிடுகிறான். பிற்பாடு அவனை நினைத்து வருந்துகிறான், ஆனால் தோட்ட வேலைக்கு ஆள் வேண்டியிருந்ததே என்றுதான் வருந்துகிறான். பள்ளிக்கூடச் சுருக்கப் பதிப்பில் இதெல்லாம் நம் கண்ணில் படவில்லை.

நம் தேசத்தைத் தொடும் விஷயமும் உண்டு. 'குரூசோ'வின் இரண்டாம் பாகத்தில் அவன் வங்காளத்துக்கு வந்து தங்கி வியாபாரம் செய்கிறான். 'கேப்டன் சிங்கிள்டன்' நாவலில், இலங்கையில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸின் அனுபவம் வருகிறது. கதைகளில் இப்படிக் கீழ்த்திசையைச் சுற்றியவர், நிஜத்தில் நம் நெசவுக்கு எதிராகப் பேனா பிடித்தார். சோழமண்டலக் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் போன சீட்டித் துணிகள் இங்கிலாந்துப் பெண்களைக் கவர்ந்திருந்தன. சீமாட்டியிலிருந்து வேலைக்காரி வரை அதையே உடுத்தினார்கள், திரைச்சீலையும் மெத்தை உறையும் அதுதான். 1708லேயே 'ரெவ்யூ'வில் இதைக் குறை கூறினார். 1719ல் லண்டன் நெசவாளிகள் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தபோது, அவர்கள் பக்கம் வாதாட 'மேனுஃபாக்சரர்' என்ற பத்திரிகையை எழுதினார். குரூசோ வெளிவந்த அதே வருஷம் இது! 1721ல் அச்சுப்போட்ட பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்துவதற்கே அங்கே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள்.

வேலை இழந்த லண்டன் நெசவாளியின் பட்டினி அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அவனுக்காக அவர் எழுதியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மசூலிப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகிலும் தறியில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய பட்டியலில் இல்லை. அவனை அவர் பார்த்ததில்லை. பார்த்ததை எண்ணியவர், பார்க்காதவர்களை எண்ணவில்லை. தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. கணக்கிடுவதும் எண்ணுவதுதான், நினைப்பதும் எண்ணுவதுதான். டீஃபோவின் பலமும் குறையும் இந்த ஒரே வார்த்தைக்குள் அடங்குகின்றன.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. அவர் யார் பக்கம் வாதாடுகிறார் என்று பார்த்து, அந்த முடிவுகளைச் சற்றுத் தள்ளி வைத்துப் படிக்க வேண்டும். சம்பளம் கொடுத்தவர்களுடைய நிழல் அதில் விழுந்திருக்கும். ஆனால் மரத்தையும் வான்கோழியையும் பாதரசத்தையும் சவ அடக்கத்தையும் பற்றி அவர் வைக்கும் விவரத்தைக் கவனமாகக் கேட்கலாம். அதைப் படிக்கும்போதே, யாரை இவர் கணக்கில் சேர்க்கவில்லை என்று நாமும் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். இன்று நம் கைக்கு வரும் எந்தப் பத்திரிகைச் செய்திக்கும், எந்த அறிக்கைக்கும் இந்த முறை பொருந்தும்.

வியாபாரிகளுக்காக அவர் எழுதிய கையேட்டில் நல்ல நடைக்கு ஓர் இலக்கணம் சொல்கிறார். வெவ்வேறு அறிவுத் தரமுள்ள 500 பேருக்கு முன் பேசினாலும், பேசியவன் நினைத்த அதே அர்த்தத்தில் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே நாம் ஐம்பது பேர்தான் இருக்கிறோம். அந்த அளவுக்காவது புரியும்படி பேசியிருந்தால் எனக்குத் திருப்தி.

1731 ஏப்ரல் 24 அன்று, கடன்காரர் ஒருவருக்குப் பயந்து மறைந்திருந்த லண்டன் சந்து ஒன்றில், வாடகை அறையில் டீஃபோ காலமானார். பன்ஹில் ஃபீல்ட்ஸில் அடக்கம் செய்தார்கள். பதிவேட்டில் அவர் பெயரைக்கூடத் தப்பாக எழுதினார்கள். 1870ல் அங்கே ஒரு நினைவுத் தூண் எழுந்தது. 'குரூசோ' படித்த சிறுவர் சிறுமியரிடம் நன்கொடை கேட்டு வாங்கிய காசில் கட்டியது அது. வாழ்நாள் முழுக்கக் கடனில் இருந்தவருக்கு இந்த ஒரு கணக்காவது வரவில் முடிந்தது.

பேரன் பேத்திகளுக்குக் 'குரூசோ' வாங்கிக் கொடுப்பவர்கள், சுருக்காத முழுப் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள். ஸூரியை விற்கும் இடம் வந்ததும் கூட உட்கார்ந்து படியுங்கள். பேச வேண்டிய விஷயம் அங்கே நிறைய இருக்கிறது.